உள்ளே என்ன போட்டு அடிக்கிறீங்க?

போன வாரம் ஒரு தம்பி பழைய புல்லட் இன்ஜினின் கிராங்க் கேஸை உரச் சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். தாத்தா ஓட்டிய வண்டியாம். பல வருடத்து எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து காய்ந்து, அலுமினியம் எது, அழுக்கு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத கோலத்தில் இருந்தது. "ஏனுங்கக்கா, சாயங்காலத்துக்குள்ள அடிச்சுக் குடுத்துருவீங்களா?" என்றார். நான்கு நாள் ஆகும் என்றேன். முகம் வாடிப்போனது. "யூடியூப்ல பத்து நிமிசத்துல வெள்ளையா வந்துருதுங்களே?"

வருவது உண்மைதான். என் கையிலும் அடிக்கிற வேலை அரை மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் போகிறது. வெயிலில் நின்றுகொண்டிருந்த அவருக்கு அன்றைக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கோயம்புத்தூரில் குறிச்சிப் பக்கம் என் ஷெட். அழுக்கேறிய உலோகத்தின்மேல் அழுத்தக் காற்றால் பொடியைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்வது என் தொழில். இரண்டு கேபினெட், ஏழரை எச்.பி. கம்ப்ரஸர் ஒன்று, கழுவத் தொட்டி ஒன்று. முதல் கேபினெட்டில் கண்ணாடி மணி மட்டும்தான். இன்னொன்றில் அலுமினியம் ஆக்ஸைடு. ஒன்றின் பொடி மற்றொன்றில் ஒரு கைப்பிடிகூடக் கலக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். உதவிக்கு இருக்கும் பையன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைத்தான் அவனுக்குச் சொன்னேன்.

கண்ணாடி மணி (கிளாஸ் பீட்) என்றதும் பாசிமணியை நினைக்காதீர்கள். நான் அதிகம் பயன்படுத்துவது 150 முதல் 210 மைக்ரான் வரை. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் கீழே. வெறும் கண்ணுக்கு வெள்ளைப் பொடி. உள்ளங்கையில் எடுத்தால் நிற்காது. விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகிவிடும். ஒவ்வொன்றும் உருண்டை என்பதால் வரும் ஒழுக்கு அது. தரையில் சிந்திய இடத்தில் செருப்புக் காலை வைத்தால் பேரிங்மேல் நின்ற மாதிரி வழுக்கும். அதனால் என் ஷெட்டில் விளக்குமாறு எப்போதும் கதவோரத்தில்தான் இருக்கும்.

25 கிலோ மூட்டையாக வரும். ஒரு நாள் இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 மைக்ரான் விட்டம், கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு என்று வைத்தால், ஒரு கிராமில் ஏறக்குறைய 95 ஆயிரம் மணிகள். ஒரு மூட்டையில் சுமார் 240 கோடி. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மணி எப்படி வேலை செய்கிறது என்பதைச் செம்புக் குடம் செய்யும் கன்னாரைப் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியவைக்கலாம். சுத்தியலால் தட்டிய இடமெல்லாம் சின்னச் சின்னத் தழும்பு விழுந்து, அந்தத் தழும்புகள் ஒன்றையொன்று தொட்டு, குடம் முழுவதும் ஒரே தோற்றமாக மின்னும். தட்டத் தட்டத் தகடு இறுகும். கண்ணாடி மணி செய்வதும் அதே வேலை. சுத்தியல் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, ஒரு நொடியில் பல்லாயிரம் சுத்தியல். மணலுக்கு முனை உண்டு. விழுந்த இடத்தைக் கீறிப் பிய்த்துக்கொண்டு போகும். மணிக்கு முனை கிடையாது. குழி பதித்துவிட்டு எகிறிவிடும். மேலே ஒட்டியிருந்த கரி, ஆக்ஸைடு, வெல்டிங் கருப்பு எல்லாம் அந்த அடியில் உதிரும். அடியில் இருக்கும் உலோகம் கணக்கில் கொள்ளும் அளவுக்குத் தேயாது.

அலுமினியத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. வார்ப்பின் மேல்தோலில் இருக்கும் நுண்துளைகள் ஓரளவு மூடிக்கொள்ளும். வெளிச்சம் ஒரு பக்கமாகத் தெறிக்காமல் எல்லாப் பக்கமும் பரவுவதால் அந்தப் பட்டு மாதிரியான மங்கல் வெள்ளை வரும். அலுமினிய உடம்பு வைத்த மடிக்கணினிகள் பலவற்றின் மேலுறை இப்படி மணியடித்து, அதன்பின் அனோடைஸ் செய்துதான் வருகிறது. நீங்கள் இந்தப் பதிவைப் படிக்கும் கருவியின் முதுகைத் தடவிப் பாருங்கள். ஒருவேளை உங்கள் கையிலேயே இருக்கலாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் இதுதான். இரும்புக் குண்டுகளால் அடித்தால் இரும்புத் துகள் மேற்பரப்பில் பதிந்து, துருவே பிடிக்காத ஸ்டீலில் ஒரு மழைக்குப் பிறகு பழுப்புப் புள்ளிகள் பூக்கும். கண்ணாடியிலோ பதிவதற்கு இரும்பே இல்லை. பால் பண்ணைக்கும் மருந்து ஆலைக்கும் தொட்டி செய்கிறவர்கள் வெல்டிங் சுட்ட நிறத்தைப் போக்க மணியைத் தேடி வருவது இதனால்தான். ஒரு நிபந்தனை உண்டு: அந்த மணி அதற்கு முன் சாதா இரும்பில் அடிபட்டிருக்கக் கூடாது. துருவைச் சுமந்த மணியால் ஸ்டெயின்லெஸை அடித்தால் அந்தத் துருவையே திரும்பப் பூசுகிறோம். ஸ்டெயின்லெஸ் வேலை வந்தால் பெட்டியைக் காலி செய்து, துடைத்து, புது மணி போட்டுத்தான் தொடங்குவேன். கூலி கூடத்தான் செய்யும். அதைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்.

இப்போது அந்தத் தம்பியின் கிராங்க் கேஸுக்கு வருவோம்.

முதல் நாள் முழுக்க எண்ணெய் எடுப்பதுதான். பிசுக்கோடு ஒரு பொருளைப் பெட்டிக்குள் வைத்தால் மணி அந்தப் பிசுக்கை உலோகத்துக்குள் அடித்து இறக்கும், தானும் பிசுக்காகும். அப்புறம் அந்தப் பெட்டியில் இருக்கும் மொத்த மணியும் கட்டிபிடிக்கும், அடுத்தவர் பொருளையும் கறையாக்கும். அதனால் டீசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்ப வர வேண்டும். வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

இரண்டாவது, அடைப்பது. பேரிங் உட்காரும் இடங்கள், கேஸ்கட் முகங்கள், ஒவ்வொரு மரைத் துளை, ஒவ்வொரு எண்ணெய்த் துவாரம், எல்லாவற்றையும் ரப்பர் அடைப்பான் வைத்தோ தடித்த டேப் ஒட்டியோ மூட வேண்டும். சாதா காகித டேப் சில நொடிகளில் கிழிந்துவிடும். மணி மோதினால் ரப்பர் அதை எகிறவைக்கும், அதனால் நிற்கும். பழைய புல்லட்டில் இது இன்னும் கவனமான வேலை. அதற்கு எண்ணெய்த் தொட்டி தனியாக வெளியே கிடையாது. கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே ஓர் அறை. அந்த அறைக்குள் மணி போய்விட்டால் மூலைமுடுக்கிலிருந்து வெளியே எடுப்பது பெரும்பாடு. அடைத்து முடிக்கவே எனக்கு அரை நாள் போனது.

அடிக்கும்போது அழுத்தம் அலுமினியத்துக்கு 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை போதும். இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். வேகமாக முடியட்டும் என்று 90, 100 என்று ஏற்றினால் மணி மோதிய கணத்திலேயே உடையும். உடைந்த மணி உருண்டை அல்ல, சில்லு. சில்லுக்கு முனை உண்டு. அது மணலின் வேலையைத்தான் செய்யும். பட்டு வெள்ளைக்குப் பதில் சொரசொரப்பான சாம்பல் நிறம் வரும். வாரம் ஒருமுறை ஒரு சிட்டிகை மணியைக் கறுப்புக் காகிதத்தில் தூவி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பேன். உருண்டைகளைவிடச் சில்லுகள் அதிகம் கண்ணில் பட்டால் பெட்டியைக் காலி செய்துவிடுவேன். பீட் பிளாஸ்டிங் என்று போர்டு வைத்துவிட்டு, பல மாதமாக அதே பொடியைச் சுற்றவிடும் இடங்களில் உங்களுக்குக் கிடைப்பது பீட் அடித்த ஃபினிஷ் அல்ல. கண்ணாடித் தூள் அடித்த ஃபினிஷ்.

மணியைப் பீய்ச்சும் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தவும் கூடாது. ஒரு சாண் தூரம், கொஞ்சம் சாய்வு, கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கனமான கிராங்க் கேஸ் தாங்கும். மெல்லிய தகடு தாங்காது. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அடித்த பக்கம் மேடாக வளைந்துகொள்ளும், ஏனென்றால் அடிபட்ட தோல் விரிய முயல்கிறது, அடியில் இருக்கும் உலோகம் விடமாட்டேன் என்கிறது. வேண்டாத இடத்தில் இது தொல்லை. வேண்டிய இடத்தில் பெரிய வரம். அந்த இறுக்கம் விரிசல் பிறப்பதைத் தடுக்கும் என்பதால்தான் ஸ்பிரிங்குகளையும் விமான உறுப்புகளையும் வேண்டுமென்றே இப்படித் தட்டுகிறார்கள். எவ்வளவு தட்டினோம் என்று அளக்க ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஜான் ஆல்மென் ஒரு வழி சொன்னார்: சின்ன ஸ்டீல் பட்டை ஒன்றை ஒரு பக்கம் மட்டும் தட்டி, அது எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பது. இன்றைக்கும் அந்தப் பட்டைக்கு ஆல்மென் பட்டை என்றுதான் பெயர். என்னிடம் அந்த வேலை வருவதில்லை. ஆனால் முதன்முதலில் ஒரு மூடித் தகடு என் கையில் வளைந்தபோது, ஏன் வளைந்தது என்று தேடிப்போய்த்தான் இதையெல்லாம் படித்தேன்.

கம்ப்ரஸர் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள், வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று. மூன்று மில்லிமீட்டர் ஏர் ஜெட் வைத்த சின்ன சக்‌ஷன் கன்னுக்கே 80 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடி காற்று வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஸர் ஒரு எச்.பி.க்கு மூன்று, மிஞ்சினால் நான்கு கன அடி தரும். கணக்கு அவ்வளவுதான். டயருக்குக் காற்றடிக்கும் இரண்டு எச்.பி. இயந்திரத்தை வைத்துக்கொண்டு கிராங்க் கேஸ் அடிக்க உட்கார்ந்தால், ஒரு நிமிடம் அடிப்பீர்கள், சில நிமிடம் காத்திருப்பீர்கள்.

காற்றைவிடப் பெரிய எதிரி அதில் வரும் தண்ணீர். காற்றை அழுத்தினால் ஈரம் தண்ணீராக இறங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் அந்தச் சாரல் காற்று கோயம்புத்தூருக்குச் சுகம், எனக்குச் சோதனை. காலையில் வந்ததும் டேங்கின் அடிக் குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். அதை வடிக்காமல் தொடங்கினால் மணி குழாய்க்குள்ளேயே கட்டிபிடித்து, கன் விட்டு விட்டுத் துப்பும். அடித்த பரப்பில் திட்டுத் திட்டாக நிழல் விழும். ஈரம் பிரிக்கும் ஃபில்டர் இரண்டு போட்டிருக்கிறேன். ஐப்பசி மழையில் அதுவும் போதாத நாட்களில் வேலையை நிறுத்திவிடுவேன்.

சரி, அடித்தாயிற்று. கேஸ் பாலாடை மாதிரி வெளுத்து வெளியே வந்துவிட்டது. தம்பி பார்த்திருந்தால் அப்போதே சாக்கில் சுற்றிக்கொண்டு போயிருப்பார். நான் சொன்ன நான்கு நாளில் இரண்டு நாள் இனிமேல்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இன்ஜினைப் பிரித்த நிலையில் என்னிடம் கொண்டுவந்தார்கள். வேறோர் இடத்தில் பீட் அடித்து, பளபளவென்று மாட்டி, இருநூறு கிலோமீட்டர்கூட ஓடாமல் இறுகிப்போன புல்லட். மெக்கானிக் அண்ணன் எண்ணெய் வடிகட்டியில் படிந்திருந்த வண்டலைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தார். உருப்பெருக்கியில் வைத்தேன். அத்தனையும் கண்ணாடி. பாதி உருண்டை, பாதி சில்லு. பழைய புல்லட்டில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். அந்த மெதுவான உலோகத்தில் கண்ணாடி பதிந்துகொண்டு, சாணைக்கல்லாக மாறி, சுற்றுகிற பின்னை அறுத்துவிட்டது. "ஃபில்டர் இருக்குதுங்களே கண்ணு, அது புடிச்சிருக்க வேண்டாமா?" என்று அண்ணன் கேட்டார். ஃபில்டருக்கு முன்னால் இருப்பதைத்தான் ஃபில்டர் பிடிக்கும். ஃபில்டரைத் தாண்டி கிராங்குக்குப் போகும் துவாரத்திலேயே மணி உட்கார்ந்திருந்தால் அது என்ன செய்யும்?

ஒரு கிராமில் 95 ஆயிரம் மணி என்று சொன்னேனே. ஒரு மரைத் துளையின் அடியில் கால் கிராம் தங்குவது சர்வ சாதாரணம்.

அதனால் கழுவும் வேலை இப்படிப் போகிறது. அடைப்பான்களை எடுக்கும் முன்பே வெளிப்புறத்தைக் காற்றால் ஊதி, தண்ணீர் பீய்ச்சி அலசுவேன். முதலில் அடைப்பானை எடுத்துவிட்டு அலசினால் வெளியே இருந்த மணியை நாமே உள்ளே தள்ளுகிறோம். பிறகு எல்லாவற்றையும் திறந்து, சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு துவாரத்துக்கும் அதன் அளவுக்கான நீளப் பிரஷ் விட்டு, இரண்டு முனையிலிருந்தும் காற்றடித்து, மறுபடி அலசல். மரைத் துளைகளில் மரை வெட்டும் டேப் விட்டு எடுத்து, அதன் நுனியைத் துடைத்துப் பார்ப்பேன். காய்ந்தபின் கேஸைத் தலைகீழாகக் கறுப்புத் துணிமேல் வைத்து மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால், மிச்சமிருக்கும் மணி உதிர்ந்து துணியில் மின்னும். துணி கறுப்பாகவே இருக்கும்வரை கழுவல் நிற்காது. அந்தத் தம்பியின் கேஸுக்கு ஐந்து முறை ஆனது. நான்காம் முறைகூட ஏழெட்டுப் புள்ளிகள் மின்னின.

கழுவி முடித்த அலுமினியத்தை வெறும் கையால் தொட்டால் விரல் ரேகை அப்படியே பதியும், போகாது. கையுறை போட்டுக்கொண்டு, மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்துத் தருகிறேன். மாட்டும்வரை அந்தத் துணியிலேயே சுற்றி வையுங்கள்.

இனி நான் திருப்பி அனுப்பும் வேலைகளைப் பற்றி.

பௌடர் கோட்டிங்குக்கு முன்னால் பீட் அடித்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் அதிகம். தொழில் தொடங்கிய முதல் வருடம் ஒரு லாட் இரும்பு பிராக்கெட்டுக்கு நானும் அப்படி அடித்துக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் கோட்டிங் தோல் தோலாக உரிந்து திரும்பி வந்தது. கோட்டிங்குக்குப் பிடிமானம் வேண்டும். அம்மிக்கல் வழவழப்பானால் கொத்துகிறவரைக் கூப்பிடுவோம் அல்லவா, அந்த மாதிரி முனை முனையான கொத்தல் வேண்டும். மணி பதிப்பது வழவழப்பான கிண்ணங்கள். அதில் எதுவும் பிடித்து நிற்காது. அந்த வேலைக்குத்தான் இரண்டாவது கேபினெட்டும் அலுமினியம் ஆக்ஸைடும் வாங்கினேன். அந்த லாட்டை என் செலவிலேயே மறுபடி செய்துகொடுத்தேன்.

பழைய பித்தளையும் எனக்கு வேண்டாம். ஓர் அம்மா தன் மாமியார் காலத்துக் குத்துவிளக்கைக் கொண்டுவந்தார். கறுத்துப் போயிருந்தது. கடைந்த வளையங்கள், அன்னத்தின் இறகுக் கோடுகள் எல்லாம் கறுப்புக்கு அடியில் அப்படியே இருந்தன. பித்தளை மெது. மணி அடித்தால் அந்த இறகுக் கோடு மழுங்கும். கைபட்டுக் கைபட்டு வந்த மெருகு போய், மங்கலான மஞ்சள் பொடி பூசிய மாதிரி ஆகிவிடும். அதைத் திரும்ப மின்ன வைக்க பஃபிங் போட்டால் மிச்சக் கோடும் போகும். புளியும் சாம்பலும் போட்டுத் தேயுங்கம்மா, ஒரே நாளில் வராது, நாலு வெள்ளிக்கிழமை தேயுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். அன்னத்தின் கண்கூடத் தெரிந்தது.

கோயில் கல்லைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். கும்பாபிஷேகத் திருப்பணி என்ற பெயரில் கருங்கல் சுவர்களில் மணலைப் பீய்ச்சி அடித்து வெளுக்கவைத்த காலம் நம் ஊரில் இருந்தது. கல்வெட்டு படிப்பவர்களும் சிற்பம் தெரிந்தவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்தது முழுக்க நியாயம். ஆயிரம் வருடம் முன் உளியால் வெட்டிய எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான்; விளிம்பு தேய்ந்தால் ந எது, த எது என்று படிக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "மணல் வேண்டாம்னா உன்ற கண்ணாடி மணி மெதுதானே, அதை அடிக்கலாமா?" என்று கேட்டார். உலோகத்துக்கு மெது, கல்லுக்கு அல்ல. உலோகம் அடியை வாங்கி நசுங்கிக்கொடுக்கும். கல் நசுங்காது, உதிரும். எண்ணெய்ப் பிசுக்குக்குத் தண்ணீரும், மென்மையான பிரஷ்ஷும், கல் பராமரிப்பு தெரிந்த ஆளும்தான் வழி என்று சொன்னேன். நல்லவேளை, கேட்டுக்கொண்டார். அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலைக்கு 1986இல் முடிந்த புதுப்பித்தலில், செம்புத் தகட்டின் உட்புறத்தில் இருந்த தாரை எடுக்க அவர்கள் பீய்ச்சியது என்ன தெரியுமா? சமையல் சோடா. செம்புக்குச் சேதம் வராத பொருளைத் தேடித் தேடி அங்கே போய் நின்றார்கள்.

"மணலே போட்டு அடிச்சா பாதிக் காசுல முடியுமே" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது சொல்கிறார்கள். அதற்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான், முடியாது. காரணத்தைக் கடையில் நின்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா ஒரு ஃபவுண்டரியில் ஃபெட்லிங் செக்‌ஷனில் இருந்தார். வார்ப்பிலிருந்து ஒட்டிய மண்ணை நீக்குவது, பிசிறு தட்டுவது, மணல் அடிப்பது. முகத்தில் ஈரத் துண்டு, தலையில் ஒரு தகரத் தொப்பி. பாதுகாப்பு அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். நாங்கள் பிள்ளைகள் அதைத் துடைத்துவிடுவது ஒரு விளையாட்டு. நாற்பத்தைந்து வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டி.பி. என்றார்கள், ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. பிறகு வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அதுவரை யாருமே கேட்காத கேள்வி. சிலிகோசிஸ். மணலில் இருக்கும் படிகச் சிலிக்கா நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத தூளாகி, நுரையீரலின் கடைசி அறைவரை போய்த் தங்கிவிடுகிறது. உடம்பு அதைக் கரைக்க முடியாமல் சுற்றித் தழும்பு கட்டுகிறது. தழும்பு ஏறிய நுரையீரல் விரியாது. குணப்படுத்த மருந்து கிடையாது. அப்பா ஐம்பத்தொன்றில் போய்விட்டார்.

பீய்ச்சி அடிக்கும் இந்தத் தொழிலுக்கு 1870இல் பிலடெல்பியாவின் பெஞ்சமின் டில்மன் காப்புரிமை வாங்கினார். வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலை அடிக்கக் கூடாது என்று பிரிட்டன் 1949இலேயே விதி கொண்டுவந்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் அடித்த இளைஞர்கள் வரிசையாக சிலிகோசிஸில் விழுந்தபிறகு துருக்கி 2009இல் அதைத் தடை செய்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாக சிலிகோசிஸ் இருந்தது. அதாவது அப்பா வேலைக்குச் சேரும் முன்பே, அவருக்கு வரப்போகும் நோயின் பெயர் சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கண்ணாடியும் மணலிலிருந்து வந்ததுதான். ஆனால் உருக்கிக் குளிரவைத்ததில் அந்தப் படிக அமைப்பு கலைந்துவிடுகிறது. நல்ல மணியில் படிகச் சிலிக்கா ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். அதற்காக மணியின் தூசியைச் சுவாசிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டிக்குள் பறப்பது மணியின் தூசி மட்டும் அல்ல, அடிபடும் பொருளின் தூசியும்தான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பழைய நட்டு போல்ட்டில் காட்மியம் முலாம் இருக்கலாம். அதனால் கேபினெட் கதவின் ரப்பர் பிசிறில்லாமல் மூட வேண்டும், டஸ்ட் கலெக்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அடித்து நிறுத்தியதும் கதவைத் திறக்காமல் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். கலெக்டரைக் காலி செய்யும்போது துணி மாஸ்க் போதாது, வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். அலுமினியத் தூசியும் இரும்புத் துருவும் ஒரே கலெக்டரில் சேர்ந்தால் தீப்பொறி பட்டுப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. துருப்பிடித்த இரும்பை என் மணிக் கேபினெட் பக்கமே விடாததற்கு இது இன்னொரு காரணம்.

என் ஷெட்டில் வேலை செய்யும் பையனுக்கு வயது இருபத்திரண்டு. வருடத்துக்கு ஒரு முறை நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் செய்து, ரிப்போர்ட்டை அவன் பெயரில் ஃபைலில் வைக்கிறேன். போன மாதம் எடுத்ததில் நுரையீரல் சுத்தமாக இருந்தது.

அந்தத் தம்பி ஐந்தாம் நாள் காலையில் வந்து கேஸை வாங்கிக்கொண்டு போனார். தாத்தாவைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தார். பெரியவர் கேஸைக் கையில் வாங்கி, திருப்பி, வார்ப்பில் இருந்த நம்பரை விரலால் தடவிப் பார்த்தார். "நான் வாங்கறப்பவே இத்தனை வெள்ளை இல்லீங்கொ" என்றார்.

நீங்கள் எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் சரி, பொருளைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே என்ன போட்டு அடிக்கிறீங்க? மணல் என்று பதில் வந்தால் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.